சாகாமல் இருந்தால் போதுமா?

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை. பள்ளி மணி அடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். கையில் மோட்டார் சைக்கிள் தொப்பி. முகத்தில் கோபமும் அழுகையும் கலந்திருந்தன. தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அன்று வேலைக்குப் போகாமல், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் அவர்.

"டீச்சர், எம் பொண்ணுகிட்ட என்னா சொன்னீங்க? நேத்துல இருந்து சாப்பிட மாட்டேங்குது. அம்மா விஷம் விக்கிறாங்கன்னு கூடப் படிக்கிற பிள்ளைங்க கேலி பண்ணுதாம்" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. முதல் நாள் அறிவியல் பாடத்தில் நீர்த் தூய்மைக்கேடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு மனத்தில் பதியட்டுமே என்று, "கெராங் இருக்கிறதே, அது சேற்றில் கிடந்து எல்லா விஷத்தையும் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சிறுமியின் தாய் வாரத்தில் இரண்டு இரவு பாசார் மாலாமில் அவித்த கெராங் விற்கிறார் என்பது எனக்குத் தெரியாது. வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மா தொடர்ந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏழு வருசமா விக்கிறேன் டீச்சர். இது வரைக்கும் யாராவது செத்துப் போயிருக்காங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடம் பேசுவதாக வாக்களித்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை முழு உண்மைபோல் சொன்னவளுக்கு எங்கிருந்து பதில் வரும்?

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே காதில் ஒலித்தது. எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தேன். ஆம், அது என் பாட்டியின் குரல்.

என் பாட்டி பீடோங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1950களில் வேலை செய்தவர். புல்லு மருந்து அடிக்கும் கும்பலுக்கு வாளியில் தண்ணீர் சுமந்தவர். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் களைகளைக் கொல்லப் பரவலாகப் பயன்பட்ட மருந்து சோடியம் ஆர்செனைட். அதாவது, நம் முன்னோர் பாஷாணம் என்று சொன்ன ஆர்செனிக் கலந்தது. மருந்தடித்த புல்லை மேய்ந்து லயத்து மாடுகள் செத்துக் கிடந்ததைப் பாட்டி கதைகதையாகச் சொல்வார். "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா பாட்டி?" என்று நாங்கள் கேட்டால், "மாடுதான் செத்துச்சி, நாங்களா செத்துப் போயிட்டோம்?" என்று சிரிப்பார். உள்ளங்கைத் தோல் காய்த்து, வெடித்து, மிளகு மிளகாய்த் திரண்டிருக்கும். அது பால்வெட்டு உளியைப் பிடித்துப் பிடித்து வந்தது என்றே கடைசிவரை நம்பினார். உளியால் வந்ததா, மருந்தால் வந்ததா, இன்று யார் சொல்வது?

சாகவில்லை என்பதே சுகத்துக்குச் சாட்சி என்று நம்மவர்கள் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். அந்த நம்பிக்கை சரிதானா? இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கெராங்தான். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பள்ளி விடுமுறையில் சுங்கைப்பட்டாணி நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி செபராங் பிறையில் ஆசிரியையாக இருக்கிறாள். அவளிடம் பேசியபோது, "இங்கே வா, குவாலா ஜூருவுக்குப் போவோம். கெராங் கதையை அந்த ஊரில் கேட்டால்தான் புரியும்" என்றாள். எங்கள் கெடாவுக்கு வெள்ளியும் சனியும் ஓய்வு. பினாங்குக்குச் சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவான ஒரு சனிக்கிழமையில் போனோம்.

போவதற்கு முன் படித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கெராங், குப்பாங், சிப்பி, மட்டி எல்லாம் இரட்டை ஓட்டு உயிர்கள். மீனைப்போல் இரையைத் தேடி ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, தண்ணீரை உள்ளே இழுத்து, செவுள்களால் வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய பாசியையும் துகள்களையும் உண்டு, மிச்சத் தண்ணீரை வெளியே விடுகின்றன. நன்கு வளர்ந்த பெரிய சிப்பி ஒன்று ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் தண்ணீரை வடிகட்டிவிடும். நாம் காப்பி வடிகட்டும்போது துணியில் சக்கை தங்குகிறதல்லவா? அதுபோல்தான். தண்ணீரில் இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சமாகவே இருக்கலாம். ஆனால் இரவும் பகலும் மாதக்கணக்கில் வடிகட்டினால், தண்ணீரில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு, சில உலோகங்கள் பல்லாயிரம் மடங்குகூட, அதன் சதையில் சேர்ந்துவிடும்.

உலோகம் என்றாலே விஷமா என்று கேட்டால், இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் பீடோங்கில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. மெர்போக் போகும் வழியிலுள்ள சுங்கை பத்துவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய தடயங்களை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009 முதல் தோண்டி எடுத்தார்கள். இராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்பதும் நாம் அறிந்ததே. அங்கே உலையில் உருகிய அதே இரும்புதான் நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. கெராங்குக்கும் அப்படியே. சிப்பி வகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு இரத்தம் கிடையாது. கெராங்குக்கு மட்டும் நம்மைப்போல் ஹீமோகுளோபின் உண்டு. அரை வேக்காட்டில் பிளந்தால் சிவப்பாக நீர் வடிவது அதனால்தான்.

ஆக, இரும்பும் துத்தநாகமும் செம்பும் அளவோடு இருந்தால் உயிருக்குத் தேவை. காட்மியம், ஈயம், பாதரசம் என்ற மூன்றும் எந்த உடலுக்கும் தேவையில்லாதவை. ஆனால் அவை வேடம் போடுவதில் கெட்டிக்காரர்கள். காட்மியம் துத்தநாகத்தைப் போலவும் சுண்ணாம்புச் சத்தைப் போலவும் நடித்து உடலுக்குள் நுழைந்துவிடும். ஈயமும் சுண்ணாம்புச் சத்தின் வேடத்தில் வந்து எலும்பில் குடியேறும்.

இப்படி நுழைந்த விஷத்தை வைத்துக்கொண்டு கெராங் எப்படி உயிர் வாழ்கிறது? இங்கேதான் இயற்கையின் விந்தை இருக்கிறது. தண்ணீர் கெட்டிருப்பதை உணர்ந்தால் முதலில் அது ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். ஆனால் எத்தனை நாள் மூடிக்கொண்டு பட்டினி கிடப்பது? திறந்தே ஆகவேண்டும். உள்ளே வந்த உலோகத்தில் கொஞ்சத்தைக் கோழைபோன்ற சுரப்பில் ஒட்டவைத்து வெளியே தள்ளும். அதையும் மீறி உடலுக்குள் போனதைப் பிடித்துக் கட்டிப்போட ஒரு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதத்தின் பெயர் மெட்டாலோதயோனின். அதில் கந்தகம் நிறைய உண்டு. காந்தத்தில் ஆணி ஒட்டுவதுபோல் காட்மியமும் பாதரசமும் அந்தக் கந்தகத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டுண்ட உலோகத்தால் மற்ற உறுப்புகளுக்குத் தீங்கு செய்ய முடியாது.

இந்தப் புரதத்தை 1957-இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் ஹார்வர்டைச் சேர்ந்த மார்கோஷஸ், வால்லி என்ற இரு விஞ்ஞானிகள். பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டம் இருப்பதால், வகுப்பில் இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் கைதட்டினார்கள். நம் ஹார்வர்ட் அல்ல, அமெரிக்காவிலுள்ள பல்கலைக்கழகம் என்று விளக்க வேண்டியதாயிற்று!

கட்டிப்போட்டதோடு வேலை முடியவில்லை. கெராங்கும் சிப்பியும் இந்த உலோகங்களைச் செரிமானச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் மணல்போன்ற சிறு மணிகளாக உருட்டி ஒதுக்கி வைக்கின்றன. நம் வீட்டுப் பாட்டிமார்கள் கண்ட கண்ட சாமானையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போடுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீடு பார்க்கச் சுத்தமாக இருக்கும். பரணில் மட்டும் மூட்டை ஏறிக்கொண்டே போகும்.

இந்தச் சமாளிப்புக்குக் கூலி உண்டு. புரதம் செய்யச் செலவாகும் சக்தி, வளர்வதற்கும் முட்டையிடுவதற்கும் போகவேண்டிய சக்தி. விஷம் மிகுந்த நீரில் வாழும் சிப்பி சிறுத்துப்போகும், குஞ்சு பொரிப்பதும் குறையும். உலோகம் அளவு மீறினால் கட்டிப்போடப் புரதம் போதாமல் செத்தும் போகும். ஆனால் அந்த எல்லை வரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. நிறம் மாறாது, நாற்றம் வராது, ருசியும் கெடாது. கெராங் உயிரோடு வாயை மூடித் திறந்துகொண்டுதான் இருக்கும். உயிரோடு இருக்கிறதே, அப்படியானால் நல்ல கெராங்தான் என்று நாம் வாங்கிப் போவோம்.

அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய மூட்டையை நாம் ஓட்டோடு வாங்கி, உள்ளே இருப்பதை விழுங்குகிறோம். விஷயம் இதுதான்.

இதே குணத்தால் அதற்கு ஒரு பெருமையும் உண்டு. இந்தக் கடலோரம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறியத் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது, இன்று கழிவு போகும், நாளை போகாது. அங்கே வாழும் மட்டியைச் சோதித்தால் பல மாதக் கணக்கு தெரிந்துவிடும் என்று அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-இல் எடுத்துச் சொன்னார். அதன்பின் உலகின் பல நாடுகளில் மட்டியைக் காவல்காரனாக வைத்துக் கடலைக் கண்காணிக்கிறார்கள். நம் நாட்டிலும் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்குக் கரையோரக் குப்பாங்குகளில் காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றை அளந்து வந்திருக்கிறார்கள். கெராங்கும் குப்பாங்கும் சிட்டையெழுதும் கிராணிபோலத்தான். ஆற்றில் யார் எதைக் கொட்டினாலும் பதிந்து வைத்துவிடும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு குவாலா ஜூருவில் போய் இறங்கினேன். பிறைக்குத் தெற்கே ஜூரு ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள மீனவர் கிராமம் அது. 1970களின் தொடக்கத்தில் பிறைத் தொழிற்பேட்டை வளர, ஆலைக் கழிவுகள் ஆற்றில் சேர்ந்தன. மீனும் இறாலும் கெராங்கும் அருகிப்போயின. கடலை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. ஆனால் அந்த மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. முறையிட்டார்கள். 1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்று விஷயத்தை நாடறியச் செய்தது. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கெராங் வளர்ப்பில் இறங்கினார்கள். நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான், 1974-இல்.

சட்டம் வந்ததும் ஆறு தெளிந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டு அறிக்கைகளில் ஜூரு ஆறு கெட்டுப்போன ஆறுகளின் வரிசையிலேயே இடம் பெற்றது. அதன் சேற்றிலும் கெராங்கிலும் உள்ள உலோகங்களை அளந்து ஆய்வாளர்கள் எழுதியவையும் பல.

படகுத் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதிய மலாய்க்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். தண்ணீர் கெட்டபோது என்ன ஆயிற்று பாக்சிக் என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "ஈக்கான் போலே லாரி. கெராங் தா போலே லாரி."

மீன் ஓடிவிடும், கெராங் ஓட முடியாது. இரண்டு வரியில் என் புத்தகப் படிப்பு முழுவதையும் அவர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது, தோட்டத்தைவிட்டு ஓட முடியாமல் இருந்த என் பாட்டியும் நினைவுக்கு வந்தார்.

ஓட முடியாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு உலகம் மறக்கக்கூடாத ஊர் ஜப்பானின் மினமாத்தா. அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. மீனும் சிப்பியும் உயிரோடுதான் இருந்தன, மக்களும் தின்றார்கள். முதலில் பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. 1956-இல் பிள்ளைகளுக்குக் கைகால் இழுத்துக்கொண்டபோதுதான் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. காரணம் பாதரசம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. அதில் நெஞ்சை அறுப்பது என்னவென்றால், சில தாய்மார்களுக்கு நோயின் அறிகுறி பெரிதாக இல்லை. அவர்கள் வயிற்றில் வளர்ந்த பிள்ளைகள் மட்டும் நோயோடு பிறந்தன. தாய் உண்ட பாதரசம் தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்குப் போயிருந்தது. தாய் சாகவில்லைதான். ஆனால் சுகமாக இருந்தார் என்று சொல்ல முடியுமா?

அதே ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கத்துக் காட்மியம் வயல்களில் பாய்ந்து நெல்லில் ஏறியது. பிள்ளைகள் பெற்று நடுவயதைக் கடந்த பெண்களே அங்கே அதிகமாக அவதிப்பட்டார்கள். எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறிந்தது. "இத்தாய் இத்தாய்", அதாவது "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று அவர்கள் கதறியதே நோயின் பெயராகிவிட்டது. காட்மியம் நம் சிறுநீரகத்தில் ஒருமுறை தங்கினால், அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். நம் உடலிலும் மெட்டாலோதயோனின் இருக்கிறது. அதுவும் மூட்டை கட்டிப் பரணில்தான் போடுகிறது. மனிதனும் இந்த வகையில் கெராங்தான்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். இனி கெராங்கே சாப்பிடக்கூடாதா? விற்கக்கூடாதா?

அப்படி அல்ல. கெராங்கில் புரதமும் இரும்புச் சத்தும் துத்தநாகமும் நிறைய. இரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு அது நல்ல உணவு. அளவுதான் கேள்வி. நான் கணக்காசிரியையும் ஆனதால் ஒரு கணக்குப் போட்டேன்.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-இல் ஒரு வரம்பு சொன்னது. ஒருவர் தம் உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் காட்மியம்வரை மாதம் ஒன்றுக்குத் தாங்கலாம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மாதம் 1,250 மைக்ரோகிராம். கெராங், மட்டி போன்றவற்றின் சதையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம் காட்மியத்துக்குமேல் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவுத் தர வரம்பு. அந்த உச்சவரம்பு அளவுக்கே இருக்கும் கெராங்கைத் தின்றால்கூட, அந்தப் பெண்ணின் மாத வரம்பு நிரம்ப 625 கிராம் சதை வேண்டும். ஓட்டோடு வாங்கும் ஒரு கிலோவில் கால் கிலோ சதைகூடத் தேறாது என்று அந்த அம்மாவே சொன்னார். அப்படியானால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஓட்டுக் கெராங். மாதம் ஒருமுறை, இருமுறை ஆசைக்கு ஒரு தட்டு சாப்பிடுபவர் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதே கணக்கு 250 கிராம் சதையிலேயே முடிந்துவிடும். சோறு, கீரை என மற்ற உணவிலும் கொஞ்சம் காட்மியம் வரும். வீட்டில் சிகரெட் பிடிப்பவருக்கு அந்தப் புகையிலிருந்தும் வரும். ஆகவே சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாரந்தோறும் குவியல் குவியலாகக் கொடுப்பது நல்லதல்ல.

இந்தக் கணக்கும் சோதித்து, வரம்புக்குள் இருக்கும் கெராங்குக்குத்தான். ஆலைக் கழிவு வாய்க்கால் விழும் இடத்திலும், படகுச் சாயமும் எண்ணெயும் ஊறிய துறைகளிலும், பழைய பேட்டரி உடைக்கும் இடத்துக்குக் கீழேயும் சும்மா கிடைக்கிறதே என்று பொறுக்கி வருகிறார்களே, அதற்குக் கணக்கே கிடையாது. அதில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் நம் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாக அவித்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமிதான் போகும். 1988-இல் சீனாவின் ஷங்காய் நகரில் அரை வேக்காட்டுக் கெராங் வகையைத் தின்று ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. அது கிருமி செய்த வேலை. நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் தப்பியிருப்பார்கள். ஆகவே கோய்த்தியாவிலும் சரி, வீட்டிலும் சரி, கெராங் முழுக்க வேகட்டும். ஆனால் உலோகம் நெருப்புக்கு அஞ்சாது. உலையில் உருகினாலும் உலோகம் உலோகமே என்று சுங்கை பத்துவே சொல்லும்! உப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தால் மணலும் சேறும் குறையும். பரணில் ஏற்றிய மூட்டை இறங்காது. சுத்தமான கடலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டால்தான் அது மெல்ல மெல்ல இறங்கும்.

ஆர்செனிக்கைப் பற்றியும் படித்தேன், பாட்டிக்காக. கடல் சிப்பிகளில் ஆர்செனிக்கும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதியை அவை தீங்கு குறைந்த வேறொரு வடிவில் வைத்திருக்கின்றன. பாட்டி சுமந்த தண்ணீரில் கரைத்த பாஷாணம் அந்த வகையல்ல. அது கொல்லும் வகை.

ஒரு நாள் மாலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் என்னால் முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். கடைசியில், "அக்கா, யாரும் சாகவில்லை என்று அன்று கேட்டீர்களே, அது சரியான கேள்வி இல்லை. இந்தக் கெராங் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதை எனக்கும் அன்று கேட்கத் தெரியவில்லை" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கம்மாவும் மருந்தடிச்சவங்கதான் டீச்சர்" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே வந்தார். லாரியில் கெராங் கொண்டுவரும் தவுக்கேயிடம் எந்தக் கடலோரத்து மால் என்று கேட்டாராம். "ஏழு வருசமா வாங்குறே, இன்னிக்குத்தான் கேக்கிறே" என்று தவுக்கே சிரித்தாராம். ஆனால் இடத்தைச் சொன்னாராம். இப்போது ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். ஊர் பேர் சொல்லாமல் மலிவாகக் கொண்டுவந்த வேறொருவரிடம் வாங்க மறுத்தும் விட்டார். "லாபம் கொஞ்சம் கொறைச்சல்தான். ஆனா எம் பொண்ணு இப்போ கடைக்கு வந்து ஒத்தாசை பண்ணுது" என்றார். மலிவான சரக்கை மறுப்பது அவருக்குச் சிறிய காரியம் அல்ல. 2010-இல் 70,000 டன்னுக்குமேல் இருந்த நம் நாட்டுக் கெராங் விளைச்சல் 2016-க்குள் 10,000 டன் அளவுக்கு விழுந்துவிட்டது. அதனால் விலை ஏறியிருக்கிறது. தட்டும்பாட்டில் எதையும் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

நானும் என் பங்குக்கு வகுப்பில் அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். நான் தவறாகச் சொன்னேன் என்று பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்டேன். விஷத்தைக் குடிப்பது கெராங்கின் குற்றமல்ல, விற்பவரின் குற்றமும் அல்ல, கொட்டுகிறவர் குற்றம் என்றேன். உடனே ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க வீட்ல பழைய பேட்டரிய பின்னால இருக்கிற காண்டாவுலதான் போடுவாங்க" என்றான். இன்னொருத்தி, மருந்து டின்னை ஓடையில் கழுவுவதைச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆலைக்காரர்களை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வட்டாரத்து ஓடைகளும் காண்டாக்களும் கடைசியில் மெர்போக் ஆற்றுக்கும் கடலுக்கும்தானே போகின்றன? இப்போது பள்ளியில் பழைய பேட்டரி போடத் தனிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். நிரம்பியதும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுகிறோம்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கெராங் வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் ஊரைக் கேளுங்கள். கழிவு வாய்க்கால் ஓரத்தில் பிள்ளைகளைச் சிப்பி பொறுக்க விடாதீர்கள். முழுக்க வேகவைத்து, ஆசைக்கு அளவாகச் சாப்பிடுங்கள். பேட்டரி, மோட்டார் எண்ணெய், மருந்து டின் எதையும் ஓடையில் போடாதீர்கள். ஆறு நிறம் மாறினால் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். குவாலா ஜூரு மக்கள் வாய்திறந்ததால்தான் நாடு அறிந்தது.

வேலையிடத்தில் மருந்து கையாளும் பெண்கள் கையுறையையும் முகமூடியையும் கேட்டு வாங்குங்கள். "இத்தனை வருசம் அடிச்சோம், செத்தா போயிட்டோம்?" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். தாங்கிக்கொள்வதில் நம் தாய்மார்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தாங்கிக்கொள்ளும் உடல் எதைத் தாங்குகிறது என்று வெளியே சொல்லாது.

சென்ற மாதம் பாசார் மாலாமில் அந்த அம்மாவின் கடைக்கு என் மகளோடு போனேன். அந்தச் சிறுமிதான் தட்டில் சூடாகக் கெராங் எடுத்துவைத்தாள். "நல்லா வெந்துருச்சி டீச்சர். எங்கேருந்து வந்துச்சின்னு சொல்லட்டா?" என்றாள்.

சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டோம்.